எடைக்குறைப்பு அறுவைசிகிச்சைக்குப் பின் பெண்களின் தசைவலிமை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகையெடையோ உடற்பருமனோ உடையவர்கள் எனக் காட்டுகிறது. இவர்களுள் உடற்பருமன் மிகுந்தோர்க்கு இரைப்பையைச் சுருக்கும் அறுவைசிகிச்சை பயனளிக்கிறது. ஆயினும் அதன்பின் குறையும் எடை முழுவதும் கொழுப்பன்று. தசையும் உடன் குறைகிறது. உணவின் அளவு திடீரெனச் சுருங்குவதால் புரதம் போதாமற்போவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அறுவைக்குப் பிந்தைய முதற்சில மாதங்களில் இவ்விழப்பு மிகுதி.

எடைக்கருவி இதனைப் பிரித்துக் காட்டாது. கைப்பிடி வலிமையை அளந்தால் தளர்ச்சி புலப்படும். ஆசியத் தசைமெலிவுப் பணிக்குழு (2019), பெண்களுக்கு 18 கிலோகிராமுக்குக் குறைந்த பிடிவலிமையைத் தளர்ச்சியின் அடையாளமாகக் கொண்டது.

உடல் இலேசாவதால் நடையும் படியேற்றமும் எளிதாகின்றன. ஆனால் மணிமங்கலத்தை அடுத்த திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டு முழுதும் நின்று உழைக்கும் பெண்ணுக்கு, தன் எடை குறைந்தாலும் தூக்கவேண்டிய பெட்டியின் எடை குறைவதில்லை. எனவே இது அவரது வாழ்வாதாரத்தைத் தொடும் சிக்கலாகும்.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமே உண்டு. இட்லியும் கஞ்சியும் மட்டும் இத்தேவையை நிறைவுசெய்யா. பருப்பு, தயிர், மீன் ஆகியவற்றோடு, மருத்துவர் இசைவுடன் தசைக்கு எதிர்விசை தரும் பயிற்சியும் வேண்டும். ஆகவே, தொடர்சிகிச்சையின் ஒவ்வொரு வருகையிலும் எடையோடு வலிமையும் அளக்கப்படுதல் இன்றியமையாதது.