எடைக்குப் போடும் முன்னே...

கம்மாபுரத்தில் ஒரு வீட்டுக் கொட்டகை. வைக்கோல் போருக்குப் பின்னால் துருவேறிய கார் ஒன்று நிற்கிறது. பெயர் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’. வீட்டார் அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட நினைக்கிறார்கள். இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். “கொஞ்சம் பொறுங்கள்!” என்று சொல்ல உங்களிடம் காரணம் உண்டா? பார்ப்போம்.

1959-ல் இங்கிலாந்தில் ‘ட்ரையம்ஃப் ஹெரால்டு’ வெளிவந்தது. அதற்கு உருவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. அக்காலத்தில் பல தொழிற்சாலைகள் அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாய் இணைந்த கார்களைச் செய்யத் தொடங்கிவிட்டன. ஹெரால்டு அப்படியல்ல. தனி அடிச்சட்டத்தின் மேல், கூட்டைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள்.

பழைய முறைதானே என்கிறீர்களா? அதனால் இரண்டு நன்மைகள் விளைந்தன. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 91.5 அங்குலம் இருந்ததை 83 அங்குலமாகச் சுருக்கி, வேறு கூடு பொருத்தினார்கள். 1962-ல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது! 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட அந்தக் காருக்கு, நம் கொட்டகை வண்டி அக்காள் முறை.

இரண்டாவது நன்மை நமக்கு. பகுதிகளாக வரும் வண்டியைத் தொலைநாட்டிலும் கோத்துவிடலாம். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-ல் ஹெரால்டைச் செய்யத் தொடங்கியது. முதலில் பல பாகங்கள் கப்பலில் வந்தன. பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே தயாராயின. பின்னாளில் இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் இங்கே உருவாயிற்று. ஆகவே, தொடக்க கால வண்டி ஒன்று கிடைத்தால், கார் செய்யக் கற்றுக்கொண்ட நம் நாட்டின் முதல் பாடங்களில் ஒன்று கிடைத்தது போல!

வண்டி எவ்வளவு அசலானது என்று அறிவது எப்படி? நீங்களே மூன்று சோதனைகள் செய்யலாம்.

1. உற்பத்தித் தகட்டிலும் என்ஜினிலும் பொறித்த எண்களைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். என்ஜின் மாற்றப்பட்டதா என்பது தெரியும்.

2. மேற்கூட்டின் மீது ஒரு காந்தத்தை நகர்த்துங்கள். எஃகுத் தகட்டில் அது இறுக ஒட்டும். ஒட்டாத இடத்தில் தடித்த பட்டி பூசி ஒட்டுப் போட்டிருக்கக் கூடும்.

3. பெயின்ட் உதிர்ந்த ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மரத்தின் வளையங்களைப் போல, அடுக்கடுக்காகப் பழைய நிறங்கள் தெரியும். அடியில் இருப்பதே பெரும்பாலும் தொழிற்சாலை நிறம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வண்டியை உடனே சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்தால் அது பளபளக்கும். ஆனால் சாட்சிகள் அழிந்துபோகும். முதலில் படம் எடுங்கள், எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை ஓட்டிய பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். துரு மேலும் பரவாமல் ஈரம் படாத இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கோவைக்குப் போனால் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தையும் பார்த்து வாருங்கள்.

இரும்புக்காரர் தராசில் வண்டியின் எடைதான் தெரியும். அதன் வரலாற்றை எடை போட வேண்டியவர்கள் நீங்கள்தான்!