ஐந்து பர்சென்ட் ஆசை!

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கலாமா, வேண்டாமா என்று நான் தயங்கிக் கொண்டிருந்த நேரத்தில் என் மைத்துனன் உள்ளே நுழைந்தான். மனைவியின் தம்பி. வயது 24. கிண்டியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. கைக்கு வருவது 28,000 ரூபாய்.

"மாமா, நீங்க பி.காம். தானே?"

யாராவது இப்படி ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒன்று, வருமான வரிப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். இல்லையென்றால் கடன் கேட்பார்கள். இவன் மூன்றாவது ரகம்.

"மூணு பேங்க்லேர்ந்து கிரெடிட் கார்டு தரோம்னு போன் மேல போன். மூணுலயும் கேஷ்பேக். எதை வாங்கலாம்?"

நான் தொண்டையைச் செருமிக் கொள்வதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அவரையாடா கேக்கறே? நல்லாக் கேளு. அப்படியே அந்த ஃப்ரிட்ஜ் கதையையும் கேட்டுக்கோ!"

கூடத்தின் மூலையில் நின்ற ஃப்ரிட்ஜ் சரியாக அந்த நேரம் பார்த்து 'உர்ர்...' என்றது. இனி மறைத்துப் பயனில்லை. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

'ஆன்லைனில் எது வாங்கினாலும் 5 சதவிகிதம் திரும்பி வரும்' என்றொரு கார்டை ஒரு வங்கி எனக்குத் தந்தது. ஏப்ரல் 5-ம் தேதி 36,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். ஐந்து சதவிகிதம் என்றால் 1,800 ரூபாய். மனசுக்குள் அதைச் செலவழித்தும் விட்டேன். வந்ததோ 1,000! 'மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் உச்சவரம்பு' என்பது எறும்பு எழுத்தில் இருந்திருக்கிறது. பரவாயில்லை, ஆயிரமாவது வந்ததே என்று தேற்றிக் கொண்டேன்.

மே 8-ம் தேதி பணம் கட்டக் கடைசி நாள். நமக்கு மாதச் சம்பளம் கிடையாது. எழுதியதற்குப் பணம் வந்தால்தான் உண்டு. வர வேண்டியது வரவில்லை. (எங்கிருந்து என்று சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரைக்கும் பணம் வர வேண்டும், ஸார்!) பில்லில் 'குறைந்தபட்சத் தொகை 1,800' என்று தாராளமாகப் போட்டிருந்தார்கள். அடடா, எவ்வளவு நல்ல மனசு! கட்டினேன். மீதியை ஜூன் 8-ம் தேதி கட்டினேன்.

வட்டி மாதம் மூன்றரை சதவிகிதம். வருடத்துக்கு 42. மே 8-ல் இருந்துதான் வட்டி ஓடும் என்று நினைத்திருந்தேன். அதுதான் இல்லை. முழுத் தொகையையும் கட்டாவிட்டால் 'வட்டியில்லாத நாட்கள்' என்ற சலுகையே ரத்து. ஃப்ரிட்ஜ் வாங்கிய ஏப்ரல் 5-ல் இருந்தே மீட்டர் ஓடியிருக்கிறது. வட்டி சுமார் 2,587 ரூபாய். அதன் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 3,053. இது போக, கார்டுக்கு ஆண்டுச் சந்தா 999, அதற்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 1,179. கேஷ்பேக்காக வந்தது 1,000. கையைவிட்டுப் போனது 4,232!

இதில் பெரிய சோகம் என்ன தெரியுமா? மகளின் பள்ளிக்கூட ஃபீஸுக்கென்று 7 சதவிகித வட்டியில் ஒரு டெபாசிட் போட்டிருந்தேன். 'அதைத் தொடக்கூடாது' என்று வைராக்கியமாக இருந்து, 42 சதவிகிதம் வட்டி கட்டினேன். கடைசியில் ஜூன் மாதம் அந்த டெபாசிட்டை உடைத்துத்தான் கார்டு பாக்கியை அடைத்தேன். ஃபீஸுக்கு என் மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போய் வந்தன.

நான், பி.காம்.!

மைத்துனன் சிரிக்கவில்லை. "அப்போ கேஷ்பேக்னா ஏமாத்து வேலையா மாமா?" என்றான்.

இல்லை. இது பழைய வியாபார உத்தி. நம் நாட்டில் 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா கிரெடிட் கார்டைக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் 1986-ல் நாடு முழுக்க அறிமுகமான டிஸ்கவர் கார்டுதான் 'செலவழித்ததில் ஒரு பங்கு உனக்கே' என்று சொல்லிப் பிரபலமானது. நீங்கள் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரின் பணத்தில் ஒரு சிறு கழிவு பிடிக்கப்படுகிறது. உங்களுக்கு வரும் கேஷ்பேக்கின் ஒரு பகுதி அதிலிருந்து வருகிறது. இன்னொரு பகுதி, என்னைப் போல் குறைந்தபட்சத் தொகை கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் தரும் வட்டியிலிருந்து! அதாவது, முழுசாகக் கட்டுகிறவருக்கு முழுசாகக் கட்டாதவர் விருந்து வைக்கிறார்.

கோர்ட் காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது. 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வாணிபம் என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. அதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

"சரி, உன் ஒரு மாசச் செலவைச் சொல்லு" என்று பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

அறை வாடகை 7,000. ஊருக்கு அனுப்புவது 8,000. பெட்ரோல் 1,500. இந்த மூன்றையும் உடனே அடித்தேன். அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கு எவனும் கேஷ்பேக் தர மாட்டான். வாடகை, பெட்ரோல், வாலட்டில் போடும் பணம் இவற்றுக்குப் பல கார்டுகளில் கேஷ்பேக் கிடையாது. (பங்க்கில் 'சர்சார்ஜ் தள்ளுபடி' என்பார்கள். அது அவர்களே கூட்டியதை அவர்களே கழிப்பது.) மிச்சத்தில் கார்டில் போடக்கூடியது 6,300. அதில் ஆன்லைன் 2,500. மெஸ், கடை கண்ணி 3,800.

முதல் கார்டு: ஆன்லைனில் 5 சதவிகிதம், மற்றதற்கு 1. மாதம் 125-ம் 38-ம் சேர்ந்து 163. வருடத்துக்கு 1,956. ஆண்டுச் சந்தா 1,179 போக மிச்சம் 777.

இரண்டாவது கார்டு: ஒரே ஒரு துணிக்கடையில் மட்டும் 10 சதவிகிதம். பையன் தீபாவளிக்குத் தீபாவளிதான் துணி எடுக்கிறவன். தள்ளு.

மூன்றாவது: எங்கும் 1 சதவிகிதம், சந்தாவே கிடையாது. மாதம் 63. வருடத்துக்கு 756.

இரண்டு பேரும் பேப்பரையே பார்த்துக் கொண்டிருந்தோம். ஐந்து பர்சென்ட்டுக்கும் ஒரு பர்சென்ட்டுக்கும் வித்தியாசம், வருடத்துக்கு இருபத்தொரு ரூபாய்! 'இத்தனை ஆயிரம் செலவழித்தால் சந்தா இல்லை' என்று சில கார்டில் ஆசை காட்டுவார்கள். தேவையில்லாததை வாங்கிச் சந்தாவை மிச்சம் பிடிப்பது, மொய்யை மிச்சம் பிடிக்க இன்னொரு கல்யாணம் செய்து கொள்வது மாதிரி.

பிறகு அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கேஷ்பேக்குக்கு மாத உச்சவரம்பு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். 'பாயின்ட்' என்றால் ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை பைசா என்று கேளுங்கள். நூறு ரூபாய்க்கு 4 பாயின்ட், பாயின்ட் 25 பைசா என்றால் அதுவும் வெறும் ஒரு சதவிகிதம்தான். கார்டைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணம் வேறு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிய ஏற்பாடு செய்யும்போது 'குறைந்தபட்சம்' என்பதை விட்டுவிட்டு 'முழுத் தொகை' என்பதில் டிக் அடியுங்கள். கார்டு வேண்டாமென்றால், பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதிப்படி 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். (அந்த விதியை நம்பித்தான் என் கார்டை மூடச் சொன்னேன். ஐந்தாம் நாளே மூடிவிட்டார்கள். அதிலும் எனக்கு அதிர்ஷ்டமில்லை!)

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டான். "ஒரு மாசம் சம்பளம் லேட்டானா?"

இதைத்தான் நான் கார்டு வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டும்.

"ஒரு மாசச் செலவுக்கான பணம் பேங்க்ல தனியா இருக்கா?"

"இல்ல மாமா."

"அது சேரட்டும். அப்புறம் அந்த மூணாவதை வாங்கு."

முகம் வாடிப் போய்விட்டது. ஆனாலும் கேட்டான். நான்கு மாதம் பொறுத்து அந்த ஒரு பர்சென்ட் கார்டை வாங்கினான். போன வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போன்.

"மாமா, மொதல் மாச கேஷ்பேக் வந்துருச்சு! அறுபத்து மூணு ரூபா!"

சந்தோஷமாக இருந்தது. போனை வைத்துவிட்டு, இருக்கிற பி.காம். மூளையால் ஒரு கணக்குப் போட்டேன். மாதம் 63 வீதம், நான் கட்டிய 3,053 ரூபாய் வட்டியைச் சம்பாதிக்க அவனுக்கு நான்கு வருடத்துக்கு மேல் ஆகும்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? ஜில்லுன்னு தண்ணி தரட்டா?" என்றபடி என் மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"பானைத் தண்ணியே போதும்" என்றேன்.