பேசாத கெர்னலும் பிழை தேடும் வழியும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறி ஒன்று ஆறு வாரங்கள் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. மாலையில் அளவையைத் தொடங்கி வைத்துவிட்டு விடுதிக்குச் செல்வேன். காலையில் குடையும் கையுமாக வந்து பார்த்தால் திரை உறைந்து கிடக்கும். அதன் மூலையிலுள்ள கடிகாரம் நள்ளிரவு 2 மணி 10 நிமிடத்திலேயே நின்றிருக்கும். எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை. இரவெல்லாம் எண்ணிச் சேர்த்த துடிப்புகளின் கணக்கு அத்தனையும் போயிற்று. ஏன் நின்றாய் என்று கேட்டால் விடை கூற அங்கே எவரும் இல்லை.

அந்த அனுபவத்தை நம் மலருக்கு எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டனர். கணிப்பொறித் துறையினர் எழுத வேண்டியதை இயற்பியல் மாணவன் எழுதுவதா என்று முதலில் தயங்கினேன். ஆயினும் வைத்தியரைக் காட்டிலும் நோயுற்றவனிடம் வழி கேட்பதும் நம் ஊர் வழக்கந்தானே! ஆகவே துணிந்தேன்.

கெர்னல் என்பது யாது? கணிப்பொறியில் நாம் காணும் செயலிகள் அனைத்துக்கும் அடியில் இருந்துகொண்டு, நினைவகத்தைப் பங்கிட்டு, வட்டையும் வலையையும் ஆண்டு, யார் எப்பொழுது ஓட வேண்டும் என்று முறை வகுக்கும் நிரலே கெர்னல். லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் அத்தகைய கெர்னல்களுள் ஒன்று. சாதாரணச் செயலி ஒன்று தவறு செய்தால் கெர்னல் அதைப் பிடித்து நிறுத்தி, இன்ன இடத்தில் தவறினான் என்று நமக்கு அறிவிக்கும். தவறு செய்தது கெர்னலே ஆனால்? ஊர்க் காவலரே மயங்கி விழுந்தால் யார் போய்ச் செய்தி சொல்வது? கெர்னல் வீழ்ந்த பிறகு அதற்குப் பேசும் வாயை ஒட்டவைக்க இயலாது. அதனைக் கட்டும்பொழுதே அந்த வாயை வைத்துக் கட்டியிருக்க வேண்டும். இதுதான் எனக்கு ஆறு வாரங்களாகப் புரியாதிருந்த செய்தி.

லினக்ஸின் மூல நிரலை எவரும் இறக்கிக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன் மெனுகான்ஃபிக் என்னும் கட்டளையை இட்டால் ஒரு பட்டியல் விரியும். அதிலும் அதன் கிளைகளிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தெரிவுகள் உள்ளன. இது வேண்டும், இது வேண்டா, இது தேவைப்படும்பொழுது வந்து சேரட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் விடையளிக்கலாம். அவற்றின் கடைசிப் பகுதியில் ‘கெர்னல் ஹேக்கிங்’ என்றொரு தலைப்பு இருக்கிறது. பெயரைக் கண்டு திருட்டு வேலை என்று எண்ணிவிட வேண்டா. பிழை தேடுவதற்கான தெரிவுகளில் பெரும்பாலானவை இதனுள்தான் இருக்கின்றன. நாம் வழக்கமாக நிறுவிக்கொள்ளும் லினக்ஸ் எல்லாருக்கும் பொதுவாகக் கட்டப்பட்டது. ஆகவே, செலவு மிகுந்த தெரிவுகள் அதில் அடைக்கப்பட்டே இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் எண்ணி அட்டைக்கு உரிய டிரைவரை, பேருந்து ஓட்டுநரை அன்று, கருவிக்கும் கெர்னலுக்கும் இடையே நின்று பேசும் நிரலை, எனக்கு முன்னிருந்த தூத்துக்குடி அண்ணன் ஒருவர் எழுதி வைத்துச் சென்றிருந்தார். அதில் நானும் கைவைத்துச் சில வரிகள் சேர்த்திருந்தேன். கணிப்பொறி நின்றவுடன் குற்றம் யாருடையது என்று நினைத்தேன் என்று நான் கூறவும் வேண்டுமா? “அந்த அண்ணன் எழுதியது சரியில்லை, சர்” என்று பேராசிரியரிடம் இரண்டு முறை கூறிவிட்டேன். பேராசிரியரோ, மாத முடிவிற்குள் அளவை முடியாவிட்டால் அந்தப் பகுதியை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். ஓராண்டு உழைப்பு!

பிழை தேடும் தெரிவுகள் இருப்பதை அறிந்ததும் நான் செய்த முதல் வேலை, கண்ணில் கண்ட அனைத்தையும் ‘வேண்டும்’ என்று குறித்ததே. பந்தியில் உட்கார்ந்த பசிக்காரன் கதைதான். இரவெல்லாம் கட்டிக்கொண்டிருந்த கணிப்பொறி, விடியும் வேளையில் வட்டில் இடமில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டது. பிறகு லோக்கல்மாட்கான்ஃபிக் என்னும் கட்டளையைக் கற்றேன். இப்பொழுது இந்தப் பொறியில் ஓடிக்கொண்டிருக்கும் பகுதிகளை மட்டும் அது பொறுக்கிக்கொள்ளும். வேண்டாத ஆயிரம் டிரைவர்கள் தாமே விலகின. எனினும், அத்தனை சோதனைகளையும் சுமந்த கெர்னல் மாட்டுவண்டி போல் ஊர்ந்தது. துடிப்புகளை எண்ண முடியாமல் தவறவிட்டது. நான் தேடிய பிழையும் ஒளிந்துகொண்டது. வேகம் மாறினால் சில பிழைகள் முகம் காட்டா. ஆராய்ச்சியாளர் பார்ப்பதனாலேயே நிலை மாறிவிடும் என்று அணுவியலில் படிக்கிறோமே, அதற்கு இது தூரத்து உறவு போலும்.

ஆகவே ஒவ்வொரு தெரிவுக்கும் விலை என்ன என்று பார்த்தேன். இங்கேதான் ஒரு பெரிய வேறுபாடு உண்டு.

சில தெரிவுகள் வட்டில் மட்டும் இடம் கேட்கும், ஓட்டத்தை மெலிவிக்கா. ‘டீபக் இன்ஃபோ’ அத்தகையது. கெர்னலின் எந்த முகவரி மூல நிரலின் எந்தக் கோப்பில் எந்த வரி என்னும் குறிப்பை அது கூடவே எழுதி வைக்கும். கோப்பு பன்மடங்கு பருக்கும். ஆனால் அந்தக் குறிப்பு ஓடும்பொழுது நினைவகத்திற்கு ஏறுவதில்லை. ‘கால்சிம்ஸ்’ என்பதோ செயற்கூறுகளின் பெயர்களைக் கெர்னலுக்குள்ளேயே வைக்கும். சிறிதளவு நினைவகம் கேட்கும். இது இல்லையேல் கெர்னல் தன் கடைசி மூச்சில் நீண்ட எண்களை மட்டுமே உதிர்க்கும். சர்வே எண்ணை மட்டும் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு தபால்காரர் என்ன செய்வார்? தெருப்பெயரைத் தருவது கால்சிம்ஸ். வீட்டு எண்ணைத் தருவது டீபக் இன்ஃபோ. இவ்விரண்டையும் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

சில தெரிவுகள் வெறும் காவற்காரர்கள். ஒரு பணி 120 நொடிகளுக்கு மேல் விழிக்காமல் முடங்கிக் கிடந்தால் அறிவிப்பது ஒன்று. ஒரு செயலகம் ஏறத்தாழ 20 நொடிகள் வேறு எவருக்கும் இடம் கொடாமல் கெர்னலுக்குள்ளேயே சுழன்றால் கூவுவது மற்றொன்று. இவற்றின் கூலியும் குறைவு.

மூன்றாம் வகைதான் விலை மிகுந்தது. முதலில் பூட்டுகளைக் காண்போம். ஒரே பொருளை இருவர் ஒருங்கே திருத்தாதிருக்கக் கெர்னலில் பூட்டுகள் உண்டு. கிணற்றடியில் ஒரு கயிறும் ஒரு வாளியும் இருக்கின்றன என்று கொள்வோம். ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளிக்குக் காத்திருக்கிறார். மற்றவர் வாளியைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்குக் காத்திருக்கிறார். இருவர் குடமும் நிறையப்போவதில்லை. இங்கோ மோல்நார் என்பவர் ஆக்கி 2006-இல் லினக்ஸில் சேர்ந்த ‘லாக்டெப்’ இந்த நிலையை வருமுன் காண்கிறது. காலையில் ஒருவர் கயிற்றை முதலிலும் வாளியை அடுத்தும் எடுத்தார் என்று குறித்துக்கொள்கிறது. மாலையில் வேறொருவர் வாளியை முதலில் எடுத்துக் கயிற்றை நாடினால் அப்பொழுதே எச்சரிக்கிறது. இருவரும் ஒரே வேளையில் வந்து முட்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. என்ன அழகான சிந்தனை! ஆனால் யாரும் ஒரு முறையேனும் நடந்திராத பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. என் கணிப்பொறி உறைவதால் பூட்டுத் தகராறு என்றே எண்ணி இதனை நாடினேன். இரண்டு நாள் ஓட்டினேன். அது வாய் திறக்கவில்லை.

அடுத்தது ‘காசான்’. இது 2015-இல் வெளிவந்த 4.0 பதிப்பில் சேர்ந்தது. கெர்னல் தன் நினைவகத்தைத் துண்டு துண்டாகப் பலருக்கும் கொடுக்கிறது. ஒருவர் தம் துண்டுக்கு அப்பால் எழுதிவிட்டால் பக்கத்து வயலில் ஏர் ஓட்டியது போலாகும். அங்கே பயிர் இல்லையேல் எவருக்கும் தெரியாது. இருந்தால் கெடுவது அடுத்தவர் பயிர். காசான் வயல்களுக்கு இடையே வரப்பு போட்டு முள்ளும் நடுகிறது. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் நிழல் போல் 1 பைட் ஒதுக்கி, அவற்றில் எத்தனை பைட் தொடத்தக்கவை என்று எழுதி வைக்கிறது. ஒவ்வொரு முறை படிக்கும்பொழுதும் எழுதும்பொழுதும் அந்த நிழலைப் பார்த்துவிட்டே விடுகிறது. இதற்காக நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு போகும். வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகும்.

மற்றச் சோதனைகளை எல்லாம் அடைத்துவிட்டு இதனை மட்டும் திறந்து கட்டினேன். செய்தி வெளியே வருவதற்கும் ஒரு வழி வேண்டுமன்றோ? உறைந்த திரை எதையும் காட்டாது. வட்டில் எழுதுவதற்கும் அவகாசம் இராது. எனவே பழைய சீரியல் கேபிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, பக்கத்திலிருந்த கணிப்பொறியில் செருகி, கெர்னலின் சொற்களெல்லாம் அங்கே விழும்படி செய்தேன். இரவு வரை காத்திருக்க வேண்டும் என்று தேநீருக்குக் கிளம்பினேன். கதவருகே செல்வதற்குள் அடுத்த திரையில் வரிகள் பொழிந்தன.

எல்லைக்கு வெளியே எழுதப்பட்டது; எழுதிய அளவு 4 பைட்; இடம், 256 பைட் கொண்ட துண்டின் வலப்புறம் 0 பைட் தொலைவில். கீழே செயற்கூறின் பெயர். டீபக் இன்ஃபோவைக் கொண்டு வரி எண்ணைப் பார்த்தேன். அது அண்ணன் எழுதிய வரி அன்று. நான் சேர்த்த வரி. 64 எண்களுக்கு இடம் ஒதுக்கி, எண்ணிக்கையைச் சுழியில் தொடங்கி, ‘64 வரை’ என்று எழுதியிருந்தேன். ‘64-க்கு முன் வரை’ என்று எழுதியிருக்க வேண்டும். அறுபத்தைந்தாம் எண் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்து வயலில் விழுந்துகொண்டிருந்தது. பகலில் பக்கத்து வயல் பெரும்பாலும் தரிசு. நள்ளிரவு 2 மணிக்கு வட்டின் நகல் எடுக்கும் வேலை தொடங்கும், நினைவகம் நிறையும், அப்பொழுது யாருடைய பயிர் அகப்பட்டதோ அவர் சாய்ந்தார். ஆறு வாரங்கள் இரவுப் பிழை என்று நான் நம்பியது பகலெல்லாம் நடந்த பிழை!

இதன் பிறகு ஆவல் மிகுந்து, அதே கேபிளைக் கொண்டு ‘கே.ஜி.டி.பி.’ என்னும் தெரிவையும் கற்றேன். ஓடும் கெர்னலை நாம் விரும்பிய வரியில் நிறுத்தி, அடுத்த கணிப்பொறியிலிருந்து அதன் மாறிகளைப் பார்த்து, மீண்டும் ஓடவிடும் கருவி இது. கெர்னல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முகவரியில் குடியேறும் பாதுகாப்பு வழக்கத்தை, தொடங்கும்பொழுதே ‘நோகேஎஸ்எல்ஆர்’ என்று கூறி நிறுத்திவிடுவது நன்று. நான் அதை மறந்து ஒரு மாலை முழுவதும் வீணாக்கினேன்.

இதன் மூலக் கோப்பைத் திறந்தபொழுது ஒரு வியப்பு காத்திருந்தது. உரிமைக் குறிப்பில் 2000–2001 வெரிட்டாஸ் நிறுவனம், 2003–2004 அமித் காலே, 2004–2006 லின்சிஸ்சாஃப்ட் என்று வரிசையாகப் பெயர்கள். லின்சிஸ்சாஃப்ட் நம் புணே நகர நிறுவனம். வெரிட்டாஸுக்கும் இங்கே பெரிய கிளை இருந்தது. நாம் வடாபாவ் தின்றுகொண்டு கடந்து செல்லும் இந்நகரத் தெருக்களில், உலகெங்கும் உள்ளோர் கெர்னலைப் பிளந்து பார்க்கும் கருவி வளர்ந்திருக்கிறது. ஆனால் அது எளிதில் அவை ஏறவில்லை. கெர்னலுக்குள் இத்தகைய கருவி கூடாது என்பது டோர்வால்ட்ஸின் எண்ணம். 2000-ஆம் ஆண்டிலேயே அதனை ஒளிவின்றி எழுதினார். கருவி கையிலிருந்தால் மக்கள் நிரலைப் படித்துச் சிந்திக்காமல் காயத்துக்கு மட்டும் கட்டுப்போடுவர் என்பது அவர் வாதம். ஆகவே, பல ஆண்டுகள் அது தனி ஒட்டாகவே வெளியில் நின்றது. பலர் கைபட்டு, இறுதியில் ஜேசன் வெசல் என்பவர் முயற்சியால், 2008 ஜூலையில் வெளிவந்த 2.6.26 பதிப்பில்தான் கெர்னலுக்குள் சேர்ந்தது.

டோர்வால்ட்ஸ் கூறியதில் பாதி உண்மை என்றே எனக்குப் படுகிறது. என் பிழையைக் கே.ஜி.டி.பி. கண்டுபிடித்திருக்காது. சாய்ந்த நேரத்தில் நிறுத்திப் பார்த்தால் பயிர் இழந்தவரைக் காணலாமேயன்றி, ஏர் ஓட்டியவரைக் காண முடியாது. ஆனால் பிறர் எழுதிய டிரைவர் எவ்வழியே செல்கிறது என்று அடியடியாகக் கற்பதற்கு அதனை விஞ்சிய ஆசிரியர் இல்லை. அண்ணனின் நிரலை நான் முழுமையாகப் புரிந்துகொண்டது அதன் உதவியாலேதான். நன்றாகவே எழுதியிருந்தார்.

இப்பொழுது எங்கள் கணிப்பொறியைத் தொடக்கினால் இரண்டு கெர்னல்கள் பட்டியலில் நிற்கின்றன. ஒன்று அளவைக்கு உரியது. அதில் பெயர்களும் வரிக் குறிப்புகளும் காவற்காரர்களும் மட்டும். 2021-இல் வந்த ‘கேஃபென்ஸ்’ என்பதையும் சேர்த்திருக்கிறேன். அது காசானைப் போல் எல்லா வரப்பையும் காக்காமல், அவ்வப்போது ஒரு வயலைப் பொறுக்கி எடுத்துக் காக்கும், வேகம் கெடாது. மற்றொன்று சோதனைக்கு உரியது. அதில் காசானும் லாக்டெப்பும் உண்டு. டிரைவரில் ஒரு வரி மாற்றினாலும் முதலில் இரண்டாவதில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகே முதலாவதற்கு வரும்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கையில் அளவை மீண்டும் தொடங்கியது; ஏழு இரவுகள் நிற்காமல் ஓடியது. பேராசிரியரிடம் சென்று, நான் இரண்டு முறை கூறியது தவறு என்றேன். தலையை மட்டும் அசைத்தார். அண்ணனுக்கும் எழுதினேன். அவர் என்னைக் கடியவில்லை. “அந்த அட்டையின் ஆறாவது முனை கொஞ்சம் தளர்வாக இருக்கும் தம்பி, அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்” என்று பதில் வந்தது. பார்த்தேன், தளர்வாகத்தான் இருந்தது.