குளிர்நாட்டு வளவு – 4: விக்டோரியா நாள் வரைக்கும் பொறுங்கள்

ஏப்ரல் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் நல்ல வெயில் எறிக்கும் முதல் சனிக்கிழமை பல வீடுகளில் காசு வீணாகிறது. கடை வாசல்களில் தக்காளிக் கன்றும் கத்தரிக் கன்றும் வரிசையாக வந்து இறங்கிவிடுகின்றன. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஆறு மாதமாகப் பின்வளவைப் பனிக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பச்சையைக் கண்டதும் கை பொறுக்காது. வாங்கி அன்றைக்கே நட்டும் விடுகிறார்கள். பிறகு ஓர் இரவு உறைபனி விழும். காலையில் இலையெல்லாம் கறுத்துப்போயிருக்கும். அடுத்த கிழமை அதே கடையில் அதே கன்றை மறுபடி வாங்க வேண்டும்.

ரொறன்ரோவில் வசந்தகாலத்துக் கடைசி உறைபனி பெரும்பாலும் மே மாத முற்பாதியில்தான் ஓய்கிறது. அதனால்தான் இங்கே பழகிய தோட்டக்காரர்கள் விக்டோரியா நாள் வரை காத்திருக்கிறார்கள். மே 25க்கு முன்னர் வரும் திங்கட்கிழமை அது. நம்மவர்கள் விரும்பும் பயிர்களுக்கு அதுகூட முந்திய நாளாக இருக்கலாம். கத்தரி, மிளகாய், வெண்டி, பாகல், புடோல் எல்லாம் சூட்டு நிலத்துப் பயிர்கள். உறைபனியே விழாவிட்டாலும், இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அவை வளராமல் முடங்கிவிடும். முந்தி நட்ட வெண்டியை ஜூன் முதல் வாரம் நட்ட வெண்டி பிடித்துவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

அதற்காக ஏப்ரலில் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் நிலம் பதம். களியாக ஒட்டிக்கொண்டால் இன்னும் சில நாள் விட வேண்டும். ஈர மண்ணைக் கொத்தினால் கோடை முழுக்கக் கட்டியாகவே கிடக்கும். பதம் வந்ததும் பட்டாணி, முள்ளங்கி, லெட்யூஸ், ஸ்பினாச் ஆகியவற்றை நேரே விதைக்கலாம். கொத்தமல்லிக்கும் இந்தக் குளிர்தான் பிடிக்கும்; ஜூலை வெக்கையில் அது இலை வைப்பதை விட்டுப் பூக்கப் போய்விடும். கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் விதைப் பொட்டலம் வாங்கவே வேண்டாம், சமையலறைப் போத்தலில் இருப்பது போதும். மல்லியை உருட்டி இரண்டாகப் பிளந்து போட வேண்டும், ஒரு காய்க்குள் இரண்டு விதை இருக்கிறது. பழைய சரக்கோ என்று சந்தேகமிருந்தால் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம்.

கன்றுகளை வீட்டிலேயே வளர்ப்பதுதான் பெரிய மிச்சம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் எட்டு முதல் பத்து வாரம், தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம், பாகலுக்கும் புடோலுக்கும் மூன்று நான்கு வாரம் போதும். கொடிகளுக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது. கழிவறைக் கடதாசிச் சுருளின் மட்டைக் குழலில் வளர்த்துக் குழலோடு நடலாம். மற்றவற்றுக்குத் தயிர்ப் பெட்டியின் அடியில் துளையிட்டால் போதும். யன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் கன்று வெளிறி நெட்டையாகி விழுந்துவிடும். சாதாரண எல்.ஈ.டி. குழல் விளக்கைக் கன்றுக்குச் சில அங்குலம் மேலே தொங்கவிட்டு 14 மணித்தியாலம் எரியவிட வேண்டும். இந்த விளக்கும் விதை முளைக்கவைக்கும் கலவை ஒரு பையும் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தவை. தோட்ட மண்ணைப் பெட்டிக்குள் போட்டால் நாற்றின் தண்டு அழுகிச் சரியும் நோய் எளிதாக வந்துவிடும். நடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் கன்றுகளை வெளியே வைத்து வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள்.

உண்மையான செலவு மண்ணில்தான் வருகிறது. எட்டடி நீளம், நான்கடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு மேடைப்பாத்தி கட்டினால் அதற்கு 32 கன அடி மண் வேண்டும். கடையில் விற்கும் 28 லீற்றர் பை ஏறக்குறைய ஒரு கன அடி. ஆக 32 பை! பலகை விலை இதில் சேரவில்லை. கத்தரியின் விலையை விட்டுப் பாத்தியின் விலையைப் பார்த்தால் யாருக்கும் மலைப்பு வரும்.

மேடை இல்லாமலும் பாத்தி போடலாம். புல்லை வெட்டிக் கிளப்பாமல், அதன் மேல் ஒட்டுநாடா நீக்கிய அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, இலையும் கூட்டெருவும் போட்டால் அடியில் புல் மக்கிவிடும். இலையுதிர் காலத்தில் அயலவர்கள் பழுப்புப் பைகளில் கட்டித் தெருவோரம் வைக்கும் இலையைக் கேட்டு வாங்கி வைத்தவர்களுக்கு இப்போது பொன் கையில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது. பழைய வீடுகளின் சுவரோரம் உரிந்து விழுந்த வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அங்கே கீரை போடாதீர்கள். மண்ணைப் பரிசோதியுங்கள், அல்லது சாடியில் வளருங்கள்.

விதையைப் பற்றியும் ஒரு சொல். ஊரிலிருந்து பெட்டிக்குள் விதை கொண்டுவருபவர்கள் அதை எல்லையில் அறிவித்தே ஆகவேண்டும், அது சட்டம். சட்டத்துக்கு அப்பால் வேறொரு காரணமும் உண்டு. ஜூனில் ரொறன்ரோவில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். நம் ஊர் அவரை இனங்கள் பலவும் சிறகவரையும் பகல் குறுகினால்தான் பூக்கும். அவை இங்கே கொடியாகப் படர்ந்து படர்ந்து செப்ரெம்பரில் பூவெடுக்கும்போது ஒக்ரோபர் உறைபனி வாசலில் நிற்கும். அதனால் இந்த மண்ணிலேயே காய்த்த கொடியின் விதையைத் தேடுங்கள். 1990இல் வன்கூவரில் தொடங்கிய விதைச் சனிக்கிழமை என்னும் பரிமாற்றச் சந்தை இன்று கனடாவின் பல நகரங்களில் நடக்கிறது. கோயிலிலும் முதியோர் சங்கத்திலும் கேட்டால் அதைவிட நல்ல பாகல் விதை கிடைக்கும்.

கூட்டெருவுக்கும் காசு கொடுக்க வேண்டாம். ரொறன்ரோ நகரசபை நடத்தும் சமூகச் சுற்றாடல் நாட்களில் குடியிருப்பாளர்களுக்கு அதை இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் வட்டாரத்தில் அது எந்த நாள் என்று இப்போதே பார்த்துக் குறித்துவையுங்கள். சவளையும் வாளியையும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.