சாட்சிக் கூண்டு – 9: வாழைத்தோட்டத்தோடு நிறுத்துங்கள்

வீரகேரளம்புதூர் பக்கத்து வயல் தகராறு ஒன்று தென்காசி நீதிமன்றத்துக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சித்தாற்றுப் பாசனத்தில் ஒரு கிளை வாய்க்கால். மேல்வயல்காரர் மடையை அடைத்துவிட்டார் என்பது வழக்கு. அடைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்கிறார் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். பிரதிவாதி தரப்பில் ஜூனியர் எழுகிறார்.

“அப்ப மணி என்ன, எவ்வளவு தூரத்துல நின்னீங்க, கூட யார் யார் இருந்தா, தெளிவாத் தெரிஞ்சுதா?”

நாலு கேள்வி. பெரியவர் தனக்குத் தோதானதைப் பிடித்துக்கொள்வார்: “நல்லாத் தெரிஞ்சுது ஐயா.” அதுதான் பதிவாகும். நம் நீதிமன்றங்களில் பெரும்பாலும் கேள்வியை எழுதுவதில்லை. சாட்சி தானாகவே சொல்லிக்கொண்டு போனதுபோல பதிலை மட்டும் எழுதுவார்கள். மீதி மூன்று கேள்வியும் காற்றோடு போயிற்று.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

“ஐயா, மடைக்கும் உங்க வயலுக்கும் நடுவுல வாழைத்தோட்டம் இருக்கு, சரிதானே?”

“ஆமாய்யா.”

“அன்னைக்கு வாழை எல்லாம் குலை தள்ளி நின்னுது?”

“ஆமா.”

“ஆள் உயரத்துக்கு மேல?”

“மேலதான்.”

‘இடையில் ஆள் உயரத்துக்கு மேல் வாழை நின்றது என்று சொன்னால் சரிதான்’ என்று பதிவாகிவிட்டது. இனி, நீங்கள் எதையும் பார்க்கவில்லை என்று ஒரு சஜஷன் போட வேண்டும். ‘என்று சொன்னால் சரியல்ல’ என்பார். உட்கார்ந்துவிடுங்கள். “அப்புறம் எப்படிப் பாத்தீங்க?” என்று வாய் துறுதுறுக்கும். கேட்டால், “வாய்க்கால் கரையில ஏறி நின்னு பாத்தேன்” என்பார் பெரியவர்.

அமெரிக்காவில் வழக்கு விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்புச் சாட்சியை வக்கீல் அலுவலகத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம். அங்கே கேள்வி, பதில் இரண்டும் வரிக்கு வரி பதிவாகும். கூட்டாட்சி நீதிமன்ற விதிப்படி ஒரு சாட்சிக்கு ஒரு நாள், 7 மணி நேரம். “ஏன், எப்படி” என்று அங்கே தாராளமாகக் கேட்கலாம். தெரிந்துகொள்ளத்தானே அந்த ஏற்பாடு! நமக்கு அந்த வழக்கம் இல்லை. அந்த ஊர்ப் புத்தகத்தை வைத்து இங்கே பயிற்சி கொடுப்பது ஜூனியரைக் குழியில் தள்ளுவதுதான்.

2002இல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டபின், சிவில் வழக்கில் முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாகிறது. குறுக்கு விசாரணையை நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் முன்பும் நடத்தலாம். வாக்குமூலத்தின் நடை வக்கீலுடையது. சாட்சியின் சொந்தக் குரல் குறுக்கு விசாரணையில்தான் முதன்முதலாகக் கேட்கிறது. அதைக் காதுகொடுத்துக் கேட்காமல் அடுத்த கேள்வியைக் குறிப்பேட்டில் தேடும் ஜூனியர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. அதட்டிக் கேட்பவர்களைப் பார்த்தால் கோபமே வருகிறது. சாட்சியை அவமதிக்கும் கேள்வியை நீதிமன்றம் தடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கூண்டில் நிற்பவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம்.

சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்த வழக்கின் சாட்சியப் பதிவைக் கொடுத்து, ஒவ்வொரு பதிலுக்கும் என்ன கேள்வி கேட்டிருப்பார்கள் என்று ஜூனியரை எழுதச் சொல்லுங்கள். நடப்பு வழக்கென்றால், விசாரணைக்கு முன் காலை பஸ்ஸில் ஊருக்கு அனுப்புங்கள். பெரியவர் சொன்ன நேரத்தில், அவர் நின்றதாகச் சொன்ன இடத்தில் நின்று பார்க்கட்டும். அங்கிருந்து மடை தெரிகிறதென்றால், வாழையைப் பற்றிய கேள்வியையே அடித்துவிட வேண்டும்.