கடலைப் பார்க்கும் கட்டடங்கள்

கொழும்புக் கோட்டையில், ஜனாதிபதி மாவத்தையும் சதாம் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. 1857இல் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 29 மீற்றர். அன்றைய கொழும்பில் அதைவிட உயரமாக எதுவும் இல்லை. 1867 முதல் அதன் உச்சியில் விளக்கேற்றி, கப்பல்களுக்குக் கலங்கரை விளக்காகவும் பயன்படுத்தினார்கள். 1952இல் அந்த விளக்கை அணைத்தார்கள். விளக்கில் ஒரு பழுதும் இல்லை. சுற்றி எழும்பிய கட்டடங்கள் வெளிச்சத்தை மறைத்துவிட்டன. கடலில் வருகிறவனுக்கு அது தெரியாமல் போயிற்று. அதனால் கடலோரத்தில் வேறொரு கலங்கரை விளக்கம் கட்ட வேண்டி வந்தது.

நம் நகரத்தின் உயர்ந்த கட்டடங்களின் கதை முழுவதும் இந்தக் கோபுரத்தில் சுருக்கமாக இருக்கிறது எனலாம். அந்தக் காலத்தில் உயரம் என்பது மற்றவர் கண்ணில் படுவதற்காக. இப்போது உயரம் என்பது உள்ளே இருக்கிறவர் கடலைப் பார்ப்பதற்காக. இந்த மாற்றத்துக்குள்தான் நம்மில் பலர் இன்று குடியிருக்கிறோம்.

கடலிலிருந்து தெரிந்த கொழும்பு

பழைய கொழும்பின் உயரங்கள் பெரும்பாலும் வணக்கத் தலங்களுக்கு உரியவை. ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் மேட்டுநிலத்தில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை. புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அழ்பர், அதாவது நம்மவர் சொல்லும் சம்மாங்கோட்டுப் பள்ளி, 1908இல் தொடங்கி 1909இல் முடிந்தது. அதை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை கட்டடக் கலையை முறையாகப் படித்தவர் அல்லர். தென்னிந்திய வியாபாரிகள் கொண்டுவந்து கொடுத்த படங்களைப் பார்த்து வரைந்தார் என்பார்கள். துறைமுகத்தை நெருங்கும் மாலுமிகள் அந்தப் பள்ளியின் மினாராக்களைப் பார்த்துத்தான் “கொழும்பு வந்துட்டுது” என்று அறிந்துகொள்வார்களாம். இன்று கடலிலிருந்து பார்த்தால் அந்தப் பள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

லிப்ட் வந்த பிறகு

கோபுரம் கட்டுவது வேறு, கோபுரத்தில் குடியிருப்பது வேறு. மனிதன் தினமும் ஏறி இறங்கக்கூடிய உயரம் ஐந்து மாடி, மிஞ்சினால் ஆறு. அந்த எல்லையை உடைத்தது லிப்ட். கயிறு அறுந்தாலும் கீழே விழாத பாதுகாப்புப் பூட்டை எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயோர்க்கில் மக்கள் முன்னிலையில் செய்து காட்டினார். 1857இல், நம் மணிக்கூட்டுக் கோபுரம் முடிந்த அதே ஆண்டில், அந்த நகரத்துக் கடையொன்றில் ஆட்களை ஏற்றும் லிப்ட் ஓடத் தொடங்கியது. பிறகு சிக்காகோவில் இரும்புச் சட்டகக் கட்டடங்கள் வந்தன. அதற்கு முன்பு மேல்மாடியில் ஏழைகள் இருந்தார்கள், ஏறிப்போகக் கஷ்டம் என்பதால் வாடகை குறைவு. லிப்ட் வந்ததும் கணக்கு தலைகீழானது. உயர உயர விலையும் கூடியது.

கொழும்பில் 1960ஆம் ஆண்டளவில் கோட்டையில் எழுந்த சிலிங்கோ ஹவுஸ் அக்காலத்தில் நகரத்தின் உயரமான கட்டடம். 1987இல் 32 மாடிகளுடன் இலங்கை வங்கியின் தலைமையகம் வந்தது. 1997 ஒக்டோபர் 12இல் இரட்டைக் கோபுரமான உலக வர்த்தக மையம் திறக்கப்பட்டது. மூன்றே நாளில், 15ஆம் திகதி, அதன் அருகே லொறிக் குண்டு வெடித்தது. அதற்கு முந்திய ஆண்டு ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் 91 பேர் பலியாகி, சிலிங்கோ ஹவுஸும் சேதமடைந்திருந்தது. யுத்த காலத்தில் உயரமான கட்டடம் என்றாலே மனதில் பயமும் கூடவே ஏறும்.

யுத்தம் முடிந்த பின் வேகம் கூடியது. காலிமுகத்திடலின் எதிரே ஹோட்டல்களும் குடியிருப்புக் கோபுரங்களும் எழுந்தன. கொம்பனித்தெருவில், பேரை வாவியோரம், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கும் 240 மீற்றர் உயரமான அல்டெயார் மோஷே சப்டி வரைந்தது. 350 மீற்றருக்கு மேல் நிற்கும் தாமரைக் கோபுரம் 2019 செப்டெம்பரில் சம்பிரதாயமாகத் திறக்கப்பட்டு, 2022 செப்டெம்பரில்தான் பொதுமக்களை ஏற்றியது. கடலையே நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் கிடக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளிடம் “கொழும்பை வரையுங்க” என்றால் பத்துப் பேரில் எட்டுப் பேர் தாமரைக் கோபுரத்தைத்தான் வரைகிறார்கள்.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

வெள்ளவத்தையின் உயரம் வேறு மாதிரி வளர்ந்தது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒரு காலத்தில் முற்றமும் மாமரமும் உள்ள வீடுகள். 1983க்குப் பின்னும் தொண்ணூறுகளிலும் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு இருக்க இடம் தேவைப்பட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணமும் வந்தது. காணிச் சொந்தக்காரர் பத்துப் பதினைந்து பேர்ச்சஸ் காணியைக் கட்டுகிறவரிடம் கொடுத்து, பதிலுக்கு இரண்டு மூன்று பிளட் எடுத்துக்கொள்வார். இப்படியே ஒழுங்கை ஒழுங்கையாகத் தொடர்மாடிகள் எழும்பின. 1933இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்த வெள்ளவத்தை நெசவாலைக் காணியில் இன்று ஹெவ்லொக் சிட்டி நிற்கிறது.

வட கொழும்பில் மாடி ஏறியவர்களின் கதை வேறு. 2010க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகார சபை தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் இருந்த குடும்பங்களை அகற்றிப் பல மாடி வீடமைப்புகளில் குடியேற்றியது. கொம்பனித்தெருவிலிருந்து பரம்பரையாக இருந்த மலாய், முஸ்லிம் குடும்பங்களும் அப்படி இடம்பெயர்ந்தன. ஒருவர் கடல் பார்க்க விரும்பி, காசு கொடுத்துப் பன்னிரண்டாம் மாடிக்குப் போகிறார். இன்னொருவரை அனுப்பி வைக்கிறார்கள். ஆனால் லிப்ட் நின்றுபோனால் இருவருக்கும் படிகள் ஒன்றுதான்.

யாருக்குச் சொந்தம் இந்தக் காற்று?

“கடல் தெரியும் என்று சொல்லித்தானே வித்தாங்க, இப்ப முன்னுக்கு இன்னொரு பில்டிங் வருது” என்ற முறைப்பாடு வெள்ளவத்தையில் சாதாரணம். நம் நாட்டில் செல்லும் உரோம டச்சுச் சட்டப்படி காட்சிக்கும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இயல்பான உரிமை கிடையாது. பக்கத்துக் காணிக்காரர் இன்ன உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்ற உரிமையை முறைப்படி பெற்றிருந்தால்தான் தடுக்க முடியும்.

இஸ்லாமிய சட்டவியலும் இதை ஆராய்ந்திருக்கிறது. 1869 முதல் 1876 வரை உஸ்மானியர் தொகுத்த மஜல்லா சட்டக் கோவை, அயலவரின் காட்சியையோ காற்றையோ மறைப்பதைப் பெருந்தீங்காகக் கொள்ளவில்லை. வெளிச்சத்தை முழுதாக அடைப்பதையும், பெண்கள் புழங்கும் முற்றம், சமையலறை, கிணற்றடி ஆகியவற்றைப் பார்க்கும்படி ஜன்னல் வைப்பதையும் பெருந்தீங்கு என்றது. ஒழுங்கையின் இரு பக்கமும் பத்து மாடி எழும்பி, ஒரு குசினி ஜன்னலுக்கு நேரே இன்னொரு குசினி ஜன்னல் இருக்கும் இன்றைய நிலையில் இந்த வேறுபாடு சிந்திக்கத்தக்கது. கடல் மறைவது மனவருத்தம். வெளிச்சமும் மறைவடக்கமும் போவது பாதிப்பு.

உயரம் நேரத்தையும் கொஞ்சம் மாற்றும். மேலே இருப்பவருக்குச் சூரியன் பிந்தி மறையும். 828 மீற்றர் உயரமான துபாயின் புர்ஜ் கலீபாவில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் பிந்தி நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அங்கு பத்வா வழங்கப்பட்டது. கணக்குப்படி பார்த்தால் 240 மீற்றர் உயரத்தில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நிமிடம். கடலோரத்தில் 36 மீற்றர் உயரத்தில், அதாவது பன்னிரண்டு மாடி அளவில், சுமார் 40 செக்கன்.

படிக்கட்டும் லிப்டும் நம் சொத்து

பிளட் வாங்குகிறவர் நான்கு சுவரை மட்டும் வாங்கவில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி காணி, அத்திவாரம், படிக்கட்டு, லிப்ட், கூரை எல்லாவற்றிலும் பிரிக்கப்படாத பங்கு அவருக்கு உண்டு. அவற்றைப் பராமரிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில் அவரும் ஓர் அங்கத்தவர். மேற்பார்வைக்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. இதெல்லாம் கூட்டாதன வரைபடம் முறையாகப் பதிவானால்தான். பதிவில்லாத கட்டடத்தில் லிப்ட் பழுதானால் “யார் செய்யிற?” என்பதில் தொடங்கும் பேச்சு, ஸலாம் சொல்லாத அளவுக்குப் போய் முடியும்.

அயலவர் தன் சுவரில் ஒரு மரத்துண்டைப் பதிக்க வந்தால் தடுக்க வேண்டாம் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தொடர்மாடியில் எல்லாச் சுவரும் அப்படிப்பட்ட சுவர்தான். என் நிலம் இன்னொருவரின் கூரை.

சந்தூக்கு ஏறாத லிப்ட்

கட்டாயம் பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வழமையான அளவுப்படி 8 பேர் ஏறும் 630 கிலோ லிப்டின் உட்புறம் 1.1 மீற்றர் அகலம், 1.4 மீற்றர் ஆழம். சந்தூக்கை அதில் கிடத்த முடியாது. பல தொடர்மாடிகளில் மௌத்து நடந்தால் சந்தூக்கு கீழேயே நிற்கும். மேலேயிருந்து மையித்தைப் படிக்கட்டால், திருப்பத்துக்குத் திருப்பம் சரித்து, நாலைந்து பேர் வேர்க்க விறுவிறுக்க இறக்குவார்கள். பார்த்து நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. 13 பேர் ஏறும் 1,000 கிலோ லிப்டின் ஆழம் 2.1 மீற்றர். அதில் சந்தூக்கும் போகும், ஸ்ட்ரெச்சரும் போகும். நோயாளிக்கும் ஜனாஸாவுக்கும் வேண்டிய நீளம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இது நம் சமூகத்தின் தேவை மட்டுமல்ல. பக்கத்து வீட்டுத் தமிழருக்கும் சிங்களவருக்கும் அதே தேவை.

ஆகவே பிளட் பார்க்கப் போகிறவர்கள் பல்கனியில் நின்று கடலைப் பார்த்ததோடு திரும்ப வேண்டாம். கூட்டாதன வரைபடம் பதிவானதா, கூட்டுத்தாபனம் கூடுகிறதா, மின்சாரம் நின்றால் லிப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, குசினி ஜன்னல் எதைப் பார்க்கிறது என்று கேளுங்கள். அளவு நாடா ஒன்றைக் கையில் கொண்டுபோய் லிப்டின் ஆழத்தை அளந்து பாருங்கள். 2 மீற்றருக்குக் குறைவென்றால், உம்மா வாப்பாவை எந்த மாடியில் வைத்துக்கொள்வது என்பதை அப்போதே யோசித்துவிடுவது நல்லது.