கல்விக்கும் விளையாட்டுக்குமான மடிக்கணினித் தெரிவு

கல்விக்கும் விளையாட்டுக்குமான மடிக்கணினித் தெரிவு என்பது, பாடப் பணிகளுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் ஒன்றாகப் பயன்படக்கூடிய மடிக்கணினியைத் தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும். இவ்விரு பயன்பாடுகளும் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகளைக் கொண்டவை. பாடப் பணிக்கு எடை குறைந்த, மின்கலம் நெடுநேரம் தாங்கும் கணினி ஏற்றது. விளையாட்டுக்கு மிகுந்த வரைகலைத் திறனும், அதனால் எழும் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும் தேவை. மாணவர் ஒருவருக்கு வாங்கப்படும் மடிக்கணினி பொதுவாக நான்கைந்து ஆண்டுகள் பயன்பாட்டில் இருக்கும். ஆகவே பின்னர் மாற்ற முடியாத உறுப்புகளுக்கு முதலில் பணத்தை ஒதுக்கி, மாற்றக்கூடியவற்றைப் பின்னர் மேம்படுத்திக் கொள்வதே இத்தெரிவின் அடிப்படை விதியாகும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கான மாணவர்களின் முதல் கணினி, அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஆகும். இத்திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி வைத்தார். ஆவடியும் அதனை அடுத்த வெள்ளானூரும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. முதல் ஆண்டில் 9.12 இலட்சம் மாணவர்களுக்கு வழங்க 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதனால் பயனடைந்தனர். கொள்முதலை எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் மேற்கொண்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் மொத்தம் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தை ஒட்டி இத்திட்டம் தடைப்பட்டது.

2011ஆம் ஆண்டுக் கணினிகள் 2 கிகாபைட் நினைவகமும் 320 கிகாபைட் வன்தட்டும் கொண்டிருந்தன. பாடத்திற்காக வழங்கப்பட்டவை ஆயினும் அவை விளையாட்டுக்கும் பயன்பட்டன. 2005இல் கணினிக்கு வெளிவந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ் என்னும் விளையாட்டு குறைந்தளவாக 256 மெகாபைட் நினைவகத்தையும் 3.6 கிகாபைட் வட்டு இடத்தையுமே கோரியது. எனவே அரசுக் கணினியில் அது இயங்க இடமிருந்தது. அதே வரிசையில் 2015இல் கணினிக்கு வந்த ஐந்தாம் பதிப்பு 4 கிகாபைட் நினைவகத்தையும் 65 கிகாபைட் இடத்தையும் கோரியது. பத்தாண்டுகளில் நினைவகத் தேவை 16 மடங்கு உயர்ந்ததை இதனால் அறியலாம். பாடப் பணிக்குப் போதுமான நிலையிலேயே ஒரு கணினி விளையாட்டுக்குப் பழையதாகி விடுவதற்கு இது எடுத்துக்காட்டு.

2025 மார்ச்சில் அளிக்கப்பட்ட தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டம், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கப்படும் என அறிவித்து, 2,000 கோடி ரூபாயை ஒதுக்கியது. இதற்கான எல்காட் ஒப்பந்தப்புள்ளியில் 8 கிகாபைட் நினைவகமும் 256 கிகாபைட் திண்மநிலைச் சேமிப்பகமும் கோரப்பட்டன.

பாடப் பணிகளின் தேவை

தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடத்தில் 11ஆம் வகுப்பில் சி++ மொழியும், 12ஆம் வகுப்பில் பைத்தான் மொழியும் கற்பிக்கப்படுகின்றன. இம்மொழிகளில் மாணவர் எழுதும் நிரல்கள் சில நூறு வரிகளுக்குள் அடங்குபவை. கட்டுரை எழுதுதல், விரிதாள் பணி, இணைய வகுப்பு ஆகியவற்றுக்கும் இன்றைய விலை குறைந்த மடிக்கணினிகளே போதும். இங்கு முதன்மையானவை நல்ல விசைப்பலகை, கண்ணை உறுத்தாத திரை, மின்கலம், எடை ஆகியவையாகும்.

பொறியியல் கல்லூரியில் நிலைமை மாறுபடும். இயந்திரவியல், கட்டடவியல் மாணவர்கள் பயன்படுத்தும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்களும், இயந்திரக் கற்றல் பயிலும் மாணவர்களின் கணிப்புகளும் வரைகலைச் செயலியால் விரைவு பெறுகின்றன. இத்துறைகளில் விளையாட்டுக்காகச் செலவிடும் பணம் பாடத்திற்கும் பயன்படுகிறது. வணிகவியல், மொழி, சட்டம் முதலியவற்றைப் பயில்வோருக்கு இப்பயன் குறைவு.

விளையாட்டுகளின் தேவை

எல்லா விளையாட்டுகளும் ஒரே அளவு திறனைக் கோருவதில்லை. கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய சமையல் விளையாட்டான வெண்பா, டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனத்தால் 2023இல் வெளியிடப்பட்டது. 2024இல் பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டுக்கான விருதை அது பெற்றது. இருபரிமாண ஓவியங்களால் ஆன இத்தகைய விளையாட்டுகளுக்குத் தனி வரைகலைச் செயலி தேவைப்படுவதில்லை. சதுரங்கம், மைன்கிராஃப்ட், வேலரண்ட் போன்றவையும் குறைந்த அமைப்புகளுடன் உள்ளமை வரைகலையில் இயங்கும். விரிந்த முப்பரிமாண உலகைக் கொண்ட புதிய விளையாட்டுகளுக்கே தனிச் செயலி இன்றியமையாதது.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதன் தயாரிப்பாளர் குறைந்தளவுத் தேவை, பரிந்துரைக்கும் தேவை என இரு பட்டியல்களை வெளியிடுகிறார். குறைந்தளவுத் தேவை என்பது விளையாட்டு தொடங்குவதற்கான அளவே ஆகும். தடங்கலின்றி ஆடுவதற்குப் பரிந்துரைப் பட்டியலையே ஒப்பிட வேண்டும்.

பின்னர் மாற்ற இயலாத உறுப்புகள்

மையச் செயலியும், கிராபிக்ஸ் கார்டு எனப் பேச்சுவழக்கில் கூறப்படும் வரைகலைச் செயலியும் பெரும்பாலான மடிக்கணினிகளில் தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டுள்ளன. மேசைக் கணினியில் செய்வதுபோல் இவற்றைக் கழற்றிப் புதியதைப் பொருத்த இயலாது.

வரைகலைச் செயலியின் பெயரை மட்டும் கொண்டு அதன் திறனை முடிவு செய்யலாகாது. எடுத்துக்காட்டாக, என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினிச் செயலி 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்கப்படலாம். மெல்லிய கணினியில் குறைந்த வாட் அளவில் அமைந்த ஆர்டிஎக்ஸ் 4060, தடித்த கணினியில் முழு அளவில் இயங்கும் ஆர்டிஎக்ஸ் 4050 செயலியைவிட மெதுவாக இருக்கக்கூடும். இவ்வாட் அளவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் தரப்பட்டிருக்கும். கடையின் விலைச்சீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை.

வரைகலைச் செயலிக்கென அமைந்த தனி நினைவகமும் மாற்ற இயலாதது. ஆர்டிஎக்ஸ் 4050 மடிக்கணினிச் செயலியில் இது 6 கிகாபைட்டாகவும், 4060இல் 8 கிகாபைட்டாகவும் உள்ளது. நுண்ணிய படவமைப்புகளைக் கொண்ட புதிய விளையாட்டுகளில் முதலில் போதாமல் போவது பெரும்பாலும் இந்நினைவகமே ஆகும்.

திரையையும் கணினியின் எடையையும் கூட இவ்வகையிலேயே சேர்க்க வேண்டும். சாதாரணத் திரை நொடிக்கு 60 முறையும், விளையாட்டுக்கெனச் செய்யப்படும் திரை 144 முறை அல்லது அதற்கு மேலும் படத்தைப் புதுப்பிக்கின்றன. மெல்லிய கணினி ஒன்றரைக் கிலோ அளவில் இருக்க, விளையாட்டுக் கணினி மின்னேற்றியைச் சேர்த்தால் மூன்று கிலோவை எட்டலாம். வெள்ளானூரிலிருந்து ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ நாள்தோறும் பேருந்தில் சென்று வரும் மாணவருக்கு இது புறக்கணிக்கத்தக்க சுமையன்று.

பின்னர் மாற்ற இயலும் உறுப்புகள்

ராம் எனப்படும் முதன்மை நினைவகத்தையும் எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தையும் பல மடிக்கணினிகளில் பின்னர் மாற்றலாம் அல்லது கூட்டலாம். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இவ்வுறுப்புகளை விற்கும் கடைகள் மிகுதியாக உள்ளன.

இருப்பினும் மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகமும் பற்றவைக்கப்பட்டே வருகிறது. வாங்கும் முன் எத்தனை செருகிடங்கள் உள்ளன, அவற்றில் எத்தனை காலியாக உள்ளன என்பதை உறுதி செய்தல் வேண்டும். உள்ளமை வரைகலை கொண்ட கணினிகள் முதன்மை நினைவகத்தையே வரைகலைக்கும் பகிர்ந்து கொள்கின்றன. இவற்றில் ஒரே 16 கிகாபைட் அட்டையைவிட இரண்டு 8 கிகாபைட் அட்டைகளைப் பொருத்துவது விளையாட்டின் வேகத்தை உயர்த்தும். தரவு இரு வழிகளில் ஒரே நேரத்தில் செல்வதே இதற்குக் காரணம்.

256 கிகாபைட் சேமிப்பகம் பாடங்களுக்குப் போதுமானது. ஆனால் இயங்குதளத்துடன் பெரிய விளையாட்டுகள் இரண்டை நிறுவினாலே அது நிறைந்துவிடக்கூடும். இரண்டாவது சேமிப்பகத்திற்கு இடமுள்ள கணினி இங்கு உதவும்.

வெப்பம்

மடிக்கணினிகள் பலவற்றை 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலிலேயே பயன்படுத்துமாறு தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். சென்னையில் மே மாதப் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. கடற்காற்று தாமதமாக வந்து சேரும் ஆவடி, பூந்தமல்லி போன்ற மேற்குப் புறநகர்களில் வெம்மை நெடுநேரம் நீடிக்கிறது.

செயலியின் வெப்பம் ஏறத்தாழ 95 முதல் 105 பாகையை எட்டும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டு முதல் பத்து நிமிடங்கள் சீராக ஓடிப் பின்னர் தடங்குவதற்கு இது ஒரு பொதுவான காரணமாகும். எனவே வெப்பக் குழாய்களும் விசிறிகளும் நன்கு அமைந்த கணினி, இதே விலையில் உயர்ந்த செயலியும் குறுகிய காற்றுவழியும் கொண்ட கணினியைவிட இப்பகுதிக்குப் பொருத்தமானது. மெத்தை, தலையணை ஆகியவற்றின் மீது வைத்து இயக்கினால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடும். விசிறியில் படியும் தூசியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நீக்குதல் நன்று.

மின்சாரம்

மின்கலத்தின் கொள்ளளவு வாட்-மணி என்னும் அலகில் தரப்படுகிறது. 50 வாட்-மணி மின்கலம், 10 வாட் செலவாகும் எழுத்துப் பணிக்கு 5 மணி நேரம் தாங்கும். 100 வாட் செலவாகும் விளையாட்டுக்கு அரை மணி நேரமே தாங்கும். இதனால் மின்னிணைப்பு இல்லாதபோது பெரும்பாலான கணினிகள் வரைகலைத் திறனைக் குறைத்துவிடுகின்றன. விளையாட்டு மடிக்கணினி, விளையாடும்போது ஏறத்தாழ மேசைக் கணினியே ஆகும்.

2012இல் சென்னையில் நாளொன்றுக்கு 2 மணி நேரமும், பிற மாவட்டங்களில் அதனினும் நெடுநேரமும் மின்வெட்டு நிலவியபோது, அரசு மடிக்கணினிகளின் மின்கலம் மாணவர்களின் படிப்புக்குத் துணைநின்றது. மின்தடைக்கு இன்வெர்ட்டர் வைத்துள்ள வீடுகளில், 200 வாட் மின்னேற்றி ஏறத்தாழ மூன்று சாதாரண மின்விசிறிகளின் சுமைக்கு ஈடாகும் என்பதைக் கருத வேண்டும்.

இயங்குதளம்

அரசு மடிக்கணினிகள் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரு இயங்குதளங்களுடன் வழங்கப்பட்டன. பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம் ஆகும். நிரல் எழுதவும் கட்டுரை எழுதவும் இது போதுமானது.

விளையாட்டுகள் பெரும்பாலும் விண்டோசுக்கே எழுதப்படுகின்றன. வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருள் அவற்றுள் பலவற்றை லினக்சிலும் இயக்குகிறது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைச் சார்ந்த வேலரண்ட் போன்றவை லினக்சில் இயங்குவதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளைப் படிப்புக்குத் தொடர்ந்து பாதுகாப்பாகப் பயன்படுத்த லினக்ஸ் ஒரு வழியாகும்.

தெரிவு செய்யும் முறை

- படிக்கவிருக்கும் பாடத்திற்கான மென்பொருள்களையும், ஆட விரும்பும் விளையாட்டுகளையும் பட்டியலிட்டு, அவற்றின் பரிந்துரைத் தேவைகளை ஒப்பிடுதல்.
- பட்டியலில் உள்ளவை எளிய விளையாட்டுகள் எனில், தனி வரைகலைச் செயலியைத் தவிர்த்து, மீதப் பணத்தை நல்ல திரைக்கும் கூடுதல் நினைவகத்திற்கும் செலவிடுதல்.
- தனிச் செயலி தேவையெனில், அதன் வாட் அளவையும் நினைவக அளவையும் உறுதி செய்தல்.
- பணம் போதாதபோது செயலியையும் வெப்ப அமைப்பையும் குறைக்காமல், சேமிப்பகத்தையும் நினைவகத்தையும் குறைத்து வாங்கிப் பின்னர் கூட்டுதல்.
- உத்தரவாதக் காலத்தையும், பழுது நீக்கும் நிலையம் அருகில் உள்ளதா என்பதையும் அறிதல்.

கணினியை நாள்தோறும் சுமந்து செல்ல வேண்டியவர், வீட்டில் மட்டுமே விளையாடுபவராயின், அரசு வழங்கிய அல்லது விலை குறைந்த மடிக்கணினியைப் படிப்புக்கு வைத்துக்கொண்டு, விளையாட்டுக்கு மேசைக் கணினி ஒன்றைச் சிறிது சிறிதாக அமைத்துக்கொள்வது மற்றொரு முறையாகும். மேசைக் கணினியில் வரைகலை அட்டையை மாற்ற இயல்வதால், விளையாட்டுத் தேவை உயரும்போது முழுக் கணினியையும் கைவிட வேண்டியதில்லை.

இவற்றையும் பார்க்க

- மடிக்கணினி
- வரைகலைச் செயலி
- தமிழ்நாடு மின்னணு நிறுவனம்
- பாஸ் லினக்ஸ்
- நிகழ்பட ஆட்டம்